எட்டு மணி ட்ரோன்

நவம்பர் 9, ஞாயிறு

டீக்கடை மாரப்பன் நேற்றுப் பொழுது போன பிறகு கரட்டுக் குன்றுக்கு மேலே மூன்று விளக்குகளைப் பார்த்திருக்கிறான். ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை. சத்தமே இல்லாமல் நின்று, பிறகு நாமக்கல் பக்கமாக நகர்ந்து மறைந்துவிட்டதாம். காலையில் அவன் கடைக்கு டீ குடிக்கப் போனவர்கள் எல்லோரும், யோசித்துப் பார்த்தால் தாங்களும் பார்த்ததாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் மூன்று விளக்கு ஏழாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அர்த்தநாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சொன்னார்.

"ட்ரோனு. வெளிநாட்டுக்காரன் வேல."

"நம்ம கரட்டுப்புதூர்ல அவனுக்கு என்னங்க வேல?"

"முட்டை. நாடு பூரா முட்டை நம்ம பக்கமிருந்துதான போகுது? இதை நிறுத்திப் போட்டா நாடே படுத்துரும் அம்மிணி. உனக்கென்ன தெரியும்."

சண்டை வந்தால் எல்லையில் நிற்கும் ராணுவத்தை விட்டுவிட்டு எதிரி நேராக எங்கள் கோழியிடம்தான் வருவான் போலிருக்கிறது.

நான் இந்த ஊராட்சியின் தலைவர். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி என்பதால் நிற்க வைத்தார்கள். நின்றேன், ஜெயித்தேன், பதவிப் பிரமாணம் எடுத்தேன். அதன் பிறகு நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். ஊரில் அவரைத் 'தலைவரே' என்பார்கள். என்னைத் 'தலைவரூட்டம்மா' என்பார்கள். ஊராட்சி வேலைக்கென்று என் பெயரில் வாங்கிய போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்குத் தனியாக ஒன்று எதற்கு என்று கேட்டுவிட்டார். அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். அவர் படித்துவிடுவாரோ என்ற பயமெல்லாம் இல்லை. பேப்பரில் முட்டை விலை போட்டிருக்கும் மூலையைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

எட்டு மணிக்கு எங்கள் பண்ணையின் முட்டைக் குடோன் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மாரப்பன் கடையை இப்போது ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்து வைத்திருக்கிறான். பக்கத்து ஊர்களிலிருந்து பைக் போட்டுக்கொண்டு ட்ரோன் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் சும்மா அண்ணாந்து நிற்க முடியுமா, டீ வேண்டும், வடை வேண்டும். நேற்று முதல் போண்டாவும் போடுகிறான். ட்ரோன் வருகிறதோ இல்லையோ, போண்டா வந்துவிட்டது.

ஆளுக்கொரு விளக்கம். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுக்க அளக்கிறார்கள் என்று நிலம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். எந்த வீட்டில் நகை இருக்கிறதென்று திருடன் நோட்டம் பார்க்கிறான் என்று நகை இல்லாதவர்கள் சொல்கிறார்கள். மாரப்பன் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து தலை வாருவதை நிறுத்திவிட்டாள். வெளிநாட்டுக்காரன் அத்தனை செலவு செய்து அனுப்பிய யந்திரம் இவள் பேன் எடுப்பதைப் படம் பிடிக்கும் என்று இவளுக்கு நம்பிக்கை.

குழந்தைவேலு மட்டும் சந்தர்ப்பத்தை விடவில்லை. அவர் பெண்டாட்டிதான் என்னிடம் தோற்றவர். "எங்கூட்டுக்காரி தலைவரா இருந்திருந்தா நம்மூருக்கு மேல ஒருத்தன் ட்ரோன் உடுவானா?" என்று கடையில் உட்கார்ந்து கேட்டாராம். கேட்ட பத்துப் பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 12, புதன்

மழை. ட்ரோன் வரவில்லை. ஊரே வெசனத்தோடு படுத்தது.

நவம்பர் 14, வெள்ளி

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு எங்கள் வீட்டுக்காரர் உத்தரவு போட்டுவிட்டார். ஏழு மணிக்கு மேல் ஊரில் ஒரு லைட்டு எரியக் கூடாது. மேலே இருந்து பார்த்தால் இங்கே ஊர் இருப்பதே தெரியக் கூடாதாம். பகலில் பார்த்தால் தெரியுமே என்று யாரும் கேட்கவில்லை. "இது தலைவர் உத்தரவு" என்று மைக்கில் சொன்னார்கள். என் உத்தரவை நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

வீட்டு லைட்டு போகட்டும். பண்ணை லைட்டு? முட்டைக்கோழிக்குப் பகல் வெளிச்சம் மட்டும் போதாது. பொழுது போன பிறகும் ஷெட்டில் பல்பு எரிந்தால்தான் ஒழுங்காக முட்டையிடும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் பண்ணைக்காரர்கள். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முதலில் கேட்கிறவன் ட்ரோன்காரனுடைய ஆள் என்றாகிவிடும் அல்லவா. அதனால் எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள்.

எங்கள் பண்ணையில் ஒடிசாக்காரன் திபாகரும் அவன் பெண்டாட்டி குந்தலாவும் வேலை செய்கிறார்கள். ஷெட்டுக்குப் பக்கத்து அறையில்தான் குடியிருப்பு. மெயினை அணைக்கச் சொன்னதும் திபாகர் என்னைப் பார்த்தான்.

"மேடம், முட்டை கொறையும்."

"சார் சொல்லீட்டாருப்பா."

"சார் சொன்னா கோழி கேக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

எட்டு மணிக்குக் குடோன் மாடிக்குப் போனேன். ஒரே இருட்டு. செத்த கோழி பொறுக்க ஷெட்டுக்குள் போகும்போது நெற்றியில் கட்டிக்கொள்வோமே, அந்த லைட்டைக் கட்டிக்கொண்டு போனேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

இன்று சொந்தத்தில் ஒரம்பரை வந்தார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க. வந்த அம்மாள் புது ஆள். "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க" என்றார். நான் காபி எடுத்து வர உள்ளே போய்விட்டேன்.

எங்கள் மகள் பிருந்தா போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு ஆளுங்க. அவ்வளவுதான் அவன்மேல் உள்ள குற்றம். மறு நாளே இவர் தலைமுழுகிவிட்டார். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுப்பதற்கு ஆபீஸுக்கு ஓடினார் பாருங்கள், அந்த வேகத்தில் ஊராட்சிக்கு ஒரு சாக்கடை கட்டியிருக்கலாம். பங்காளிகள் இரண்டு கார் நிறைய ஏறிக்கொண்டு ஓசூர் வரைக்கும் தேடிப் போனார்கள். டிக்கியில் என்ன வைத்திருந்தார்கள் என்று நான் பார்த்தேன். நல்ல வேளை, அதற்குள் அவளும் அவனும் வீடு மாற்றிப் போய்விட்டிருந்தார்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று இவருக்குத் தெரியாது. போனில் பேசியது தெரிந்தால் நீயும் அவள் பின்னாலேயே போய்விடலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் பேசுவதில்லை.

ஏழாம் மாசம் அவளுக்கு. காலில் வீக்கம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை, நாரத்தங்காய் ஊறுகாய்க்கு அலைகிறாள். யாரோ சொன்னார்கள்.

எட்டு மணிக்குத் தொட்டி பார்க்கப் போனேன். பண்ணையில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த மாடிதான். திபாகர் அங்கிருந்துதான் அவன் அம்மாவைக் கூப்பிடுவான்.

நவம்பர் 20, வியாழன்

முட்டை விழுந்துவிட்டது. எங்கள் பண்ணையில் மட்டுமில்லை, எல்லோர் பண்ணையிலும். தட்டு தட்டாக லாரி ஏறும் இடத்தில் டெம்போ நிற்கிறது.

காரணம் இன்னதென்று மாரப்பன் கடையில் கண்டுபிடித்துவிட்டார்கள். ட்ரோன் கதிர் விடுகிறதாம். கண்ணுக்குத் தெரியாத கதிர். கோழியின் கருப்பையைக் குறி பார்த்து விடுகிறதாம். நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிற பெரிய மனிதர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காபி குடித்தார்கள்.

"ஏனுங்க, லைட்டப் போட்டுப் பாக்கலாங்களே" என்றேன்.

"லைட்டப் போட்டா கதிரு நேரா வரும்டி."

இவருக்கு விஷயம் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மைக்கில் சொன்னதை மைக்கில் திருப்பி வாங்க இவருக்கு மனசு வரவில்லை. கோழிகள் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, இவருடைய மானத்துக்காக முட்டை போடாமல் இருக்கின்றன.

குழந்தைவேலு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே ரகசியமாக பல்பு போட்டிருக்கிறார். தார்ப்பாயின் ஓட்டை வழியாக வெளிச்சம் கசிந்ததை யாரோ பார்த்து, 'தரையிறங்கிய ட்ரோன்' என்று வாட்ஸாப்பில் போட்டுவிட்டார்கள். ஊர் திரண்டு ஓடியது. முன்னால் ஓடியவர் குழந்தைவேலுதான், தன் ஷெட்டை நோக்கித் தானே கல்லை எடுத்துக்கொண்டு. ஓடுவதற்கு முன்னால் ஆள் விட்டு லைட்டை அணைத்துவிட்டார். ட்ரோன் எழும்பிப் போய்விட்டதாக முடிவானது.

நவம்பர் 23, ஞாயிறு

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். தாழப் பறக்கிற ட்ரோன். ஒற்றை வெள்ளை விளக்கு. தினமும் எட்டு மணிக்கு எங்கள் பண்ணைக்கு மேலேயே வந்து நிற்கிறதாம். ஆனால் அசையாமல் இல்லை, இப்படியும் அப்படியும் தலையாட்டுவதுபோல ஆடுகிறதாம். கால் மணி நேரம், சில நாள் அதற்கு மேலும். பிறகு அணைந்துவிடுகிறதாம்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பண்ணை இருக்க நம் பண்ணையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றால் சும்மாவா. குரூப்பில் வந்த போட்டோவை என்னிடம் காட்டினார். கறுப்புப் பலகையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் ஒரு புள்ளி.

"பாத்தியா. நீ எட்டு மணிக்கு அங்கதான மேல போற? உனக்கு எதுவும் தெம்படலியா?"

"நான் தொட்டியத்தானுங்க பாக்கறேன். வானத்த யாரு பாத்தா."

"அதான பாத்தேன்" என்றார். இனிமேல் நான் போக வேண்டாம், திபாகர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

எங்கள் பண்ணைமேல் எந்த ட்ரோனும் இல்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான். எனக்கு வேறொன்றும் தெரியாது.

நவம்பர் 26, புதன்

எஸ்.ஐ. வந்தார். மேலே விசாரித்ததில் யாருடைய ட்ரோனும் இல்லை என்று தெரிந்ததாம், ஆனால் ட்ரோன் இல்லை என்றும் சொல்ல முடியாதாம். சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்றார். போகும்போது இரண்டு தட்டு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் ஜீப் திரும்புவதற்குள் ரோந்துக் குழு அமைத்துவிட்டார்கள். விசில், மூங்கில் தடி, டார்ச். டார்ச்சுக்கு மட்டும் இருட்டு உத்தரவிலிருந்து விலக்கு. சம்சாரம் கூப்பிட்டால் தண்ணிக்குடம் தூக்க வராத ஆம்பிளைகள் எல்லோரும் ஊரைக் காக்க வந்துவிட்டார்கள்.

போகாமல் இருக்க முடியவில்லை. இவர் ரோந்துக்குக் கிளம்பிய பிறகு போனேன். தொட்டியைப் பார்க்கத்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

திபாகரைப் பிடித்துவிட்டார்கள். குடோன் மாடியில், கையில் போனும் நெற்றி லைட்டுமாக இருந்தானாம். ட்ரோனுக்கு சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தான் என்கிறார்கள். அடித்திருக்கிறார்கள். 'கொஞ்சம் தட்டினோம்' என்று இவர் சொல்கிறார். தீவன அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

நான் வீட்டில்தான் இருந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

வீட்டில்தான் இருந்தேன் என்று நேற்று எழுதினேன். நோட்டிடம் எதற்குப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. பழகிவிட்டது போல.

தினமும் திபாகர் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவேன். பிருந்தாவைக் கூப்பிடுவேன். "முகமே தெரியலம்மா, லைட்டப் போடுங்க" என்பாள். அதனால் நெற்றி லைட்டைக் கையில் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வேன். ஒரு கையில் போன், ஒரு கையில் லைட்டு. பேசும்போது கை ஆடத்தானே செய்யும். இதுதான் உலகத்தை அச்சுறுத்திய தாழப் பறக்கும் ட்ரோன். முதல் நாள் மாரப்பன் பார்த்த மூன்று விளக்கு என்னவென்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அது என்னவாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று அவள் வீங்கிய காலைக் காட்டிக்கொண்டிருந்தாள். கீழே விசில் கேட்டது. டார்ச் வெளிச்சமெல்லாம் எங்கள் பக்கம் ஓடி வந்தது. திபாகர் எப்போதும் படிக்கட்டுத் தலைப்பில் எனக்காக நிற்பான். போனையும் லைட்டையும் அவன் கையில் திணித்துவிட்டு, முட்டைத் தட்டு ஏற்றும் பின்பக்க ஏணி வழியாக இறங்கிவிட்டேன். வீட்டுக்குள் வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அவன் கத்துவது கேட்டது. அவன் பாஷையில் கத்தினான். நான் மாவைக் கரைத்தேன். இவர் வியர்வையோடு வந்து உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.

காலையில் குந்தலா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், நீங்க சொன்னா விட்டுருவாங்க."

"பொறு குந்தலா. பாக்கலாம்."

"வாய்ல ரத்தம் வருது மேடம். உங்க பேரு சொல்லல. போன் லாக்கு எடுக்க சொன்னாங்க, எடுக்கல."

பொறு என்று மறுபடியும் சொன்னேன். வேறென்ன வார்த்தை இருக்கிறது என்னிடம். சொன்னால் பிருந்தா நம்பர் இவர் கைக்குப் போகும். நம்பர் போனால் அவள் இருக்கும் ஊர் தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு கார் கிளம்பும். வயிற்றுப் பிள்ளைக்காரி அவள்.

நாளைக்குப் பொழுதோட ஊர்க்கூட்டம். எஸ்.ஐ. வருகிறார். திபாகரை ஒப்படைத்துவிட்டு, போனை நாமக்கல் கடையில் கொடுத்து லாக் எடுத்து, அவன் தினமும் கூப்பிட்ட நம்பர் யாருடையது என்று பார்க்கப் போகிறார்களாம். உளவாளி என்று எழுதித் தரத் தீர்மானம் தயார். தலைவரான என் கையெழுத்துக்காக இவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தீவன அறை ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தேன். கீழ் உதடு பிளந்து, ஒரு கண் மூடிக் கிடந்தது. சோற்றை வாங்கிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. எஸ்.ஐ.க்கு ஒரு நாற்காலி, இவருக்கு ஒரு நாற்காலி. திபாகரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள், கையைத் துண்டால் கட்டி. இவர் பேசினார். நம் நாட்டின் முட்டை, நம் நாட்டின் பாதுகாப்பு என்று என்னென்னவோ. வடக்கிருந்து வந்தவர்கள் ஆறு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது என்று ஒரு தீர்மானம் என்றார். கை தட்டினார்கள். குந்தலா ஓரமாக நின்றிருந்தாள். அவளைச் சுற்றி மட்டும் ஆளில்லாமல் இடம் விட்டிருந்தார்கள்.

"தலைவரூட்டம்மா வந்து கையெழுத்துப் போடுங்க" என்று மாரப்பன் பேனாவை நீட்டினான்.

எழுந்து போனேன். பேனாவை வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன்.

"அந்த லைட்டு நாந்தானுங்க" என்றேன். மைக்கில் என் குரலை நானே முதல் தடவையாகக் கேட்டேன். "தெனமும் எட்டு மணிக்கு மாடியில நின்னு என்ற மக பிருந்தாகிட்ட வீடியோல பேசறேன். முகம் தெரியறதுக்கு லைட்டப் புடிச்சேன். போனு மட்டுந்தான் அவனோடது. அவனுக்கு எதுவும் தெரியாது, உட்டுருங்க."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

"அவளுக்கு மேலுக்கு முடியலீங்க. அந்த வெளிச்சம் பட்டதுல இருந்தே ஒரு மாதிரிதான் பேசிட்டிருக்கறா. கதிரு தலைக்கு ஏறிருச்சு."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. "ஆமாமா, கண்ணப் பாருங்க, கண்ணு செவந்திருக்குது" என்று மாரப்பன் பெண்டாட்டி சொன்னாள். "எங்க ஷெட்டுப் பக்கமும் ரெண்டு பேருக்குத் தலசுத்தல்" என்றார் குழந்தைவேலு. ஒரு நிமிஷத்தில் எனக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னதை நம்புவதைவிட, ட்ரோன் என் மூளையைத் தின்றுவிட்டது என்று நம்புவது அத்தனை பேருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எஸ்.ஐ. மடியில் இருந்த போனை எடுத்துக்கொண்டு போய் திபாகர் முன்னால் குனிந்தேன். அவன் குந்தலாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கட்டிய கையோடு விரலை இழுத்து லாக்கை எடுத்துக் கொடுத்தான். கூப்பிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு ரிங்கில் எடுத்துவிட்டாள்.

"அம்மா, எங்கம்மா போனீங்க ரெண்டு நாளா? எனக்கு உசுரே இல்ல. அப்பா ஏதாச்சும் பண்ணிட்டாருங்களா?"

கோயில் ஒலிபெருக்கி நாலு திசையிலும் கட்டியிருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்டது. இந்தக் கோயிலில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல் அது, யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வானத்தில் ஏழு விளக்குகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லா இருக்கறேன். அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்தேன். பிறகு எஸ்.ஐ.யிடம் திரும்பி, "சார், நான் இந்த ஊராட்சித் தலைவரு. என்ற மகளத் தேடிட்டு இங்கிருந்து ஒரு காரு கெளம்புனாலும் முதல் புகாரு என்றதுதான். பேரு எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன்.

எஸ்.ஐ. எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, "பையனை அவுத்து விடுங்கய்யா" என்றார்.

"பனி விழுது, நடங்கப்பா" என்று மாரப்பன்தான் முதலில் கிளம்பினான். ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். திபாகரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டைக்கூடக் குந்தலாதான் அவிழ்த்தாள்.

இவர் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைக்கலாமா, ட்ரோனுக்குத் தெரிந்துவிடுமா என்று போன வாரமெல்லாம் சண்டை போட்டார்கள். இன்று எல்லா வீட்டிலும் வரிசையாக ஏற்றியிருந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

காலையில் திபாகரும் குந்தலாவும் மூட்டை கட்டிவிட்டார்கள். இருங்கள், இனிமேல் யாரும் உங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். குந்தலா என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திபாகர்தான் பேசினான். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினான்.

"மேடம், அன்னிக்கு ராத்திரியே சொல்லிருக்கலாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள். நான் ரோட்டில் நின்றுகொண்டு அழுதேன். மாரப்பன் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 6, சனி

தீர்மானத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார்கள். 'அடையாளம் தெரியாத ட்ரோன் ஒன்று பண்ணைமேல் பறந்தது, விசாரணையில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாகத் தெரிகிறது, எனவே பண்ணைகளில் லைட் எரியலாம், ஆனால் எட்டு மணிக்குப் பொதுமக்கள் வெளியே நிற்பதைத் தவிர்க்க வேண்டும்.'

திருத்தச் சொன்னவர் குழந்தைவேலுவாம். "நம்மூருப் புள்ள அப்படிப் போனதும், ஆத்தாக்காரி அவகூடப் பேசறதும் வெளியூருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ட்ரோனாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் இந்த ஊரில் ஒன்று சேர்ந்தது இதற்குத்தான்.

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 9, செவ்வாய்

இவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் எட்டு மணி ஆவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்துக்கொள்கிறார். "ட்ரோன் நடமாட்டம் இருப்பதால் பொதுமக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவும்." கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்கிறது. போவதற்கு முன் ஊராட்சிப் போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போகிறார், மறந்ததுபோல.

மானத்துக்காகவா, மகளுக்காகவா என்று நான் கேட்கவில்லை. அவளுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

புது ஆட்கள் வந்துவிட்டார்கள். பீகார்க்காரர்கள். பையன் பேர் ராம்பிரவேஷ், பெண்டாட்டி சீமா. முட்டை பழையபடி வருகிறது, கை போதவில்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சீமா போனை எடுத்துக்கொண்டு குடோன் படிக்கட்டில் கால் வைத்தாள். தமிழ் சுத்தமாகத் தெரியாது. அறையில் சிக்னல் இல்லை, மேலே போய் அம்மாவோடு பேச வேண்டும் என்று சைகையில் காட்டினாள். அம்மா வேலை முடிந்து வரும் நேரம் எட்டு மணி போலிருக்கிறது, எட்டு விரலைக் காட்டினாள்.

எட்டு மணிக்கு மேலே யாரும் போகக் கூடாது என்றேன். புரியவில்லை. ஏன் என்பதுபோலக் கையை விரித்தாள்.

நான் வானத்தைக் காட்டினேன். "ட்ரோன் வரும்" என்றேன்.

அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோயில் மைக்கில் இவர் குரல் கேட்டது. நான் மேலே போனேன்.